போயர் சண்டைக்குப் போன கொள்ளுத்தாத்தாவை எந்தப் பட்டியலில் தேடுவது?

தம்பி, மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். நீங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறீர்கள். அப்பாவின் தாத்தா முனுசாமி தொங்காட் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்தவர், போயர் சண்டையில் காந்தியோடு பட்டாளத்துக்குப் போனவர் என்று வீட்டில் சொல்லக் கேட்டு வளர்ந்திருக்கிறீர்கள். பிரிட்டிஷ் படைவீரர் பட்டியல்களிலும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகளிலும் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. கதை பொய்யா, தேடிய இடம் தப்பா என்று கேட்கிறீர்கள்.

இடம்தான் தப்பு. கதை நிஜமா என்பதை அப்புறம் பார்க்கலாம். போர்க் கல்லறை ஆணையத்தின் பொறுப்பு இரண்டு உலகப் போர்களில் இறந்தவர்களோடு சரி. அவர்களுடைய கணக்கே 1914 ஆகஸ்டில்தான் தொடங்குகிறது. பிரிட்டிஷாருக்கும் டச்சு வம்சாவளிப் போயர்களுக்கும் நடந்த போயர் யுத்தம் 1899 அக்டோபர் 11-இல் ஆரம்பித்து 1902 மே 31-இல் முடிந்துவிட்டது. படைவீரர் பட்டியலிலும் வர வாய்ப்பில்லை. இது வெள்ளைக்காரர்களுக்குள் நடக்கும் சண்டை என்பதுதான் அன்றைய அரசின் நிலைப்பாடு. அப்போது பிரிட்டிஷ் காலனியாக இருந்த நம் நேட்டாலில் இந்தியர் கையில் யாரும் துப்பாக்கி கொடுக்கவில்லை. போனவர்கள் காயம்பட்டவர்களைத் தூக்கப் போனார்கள். அதனால் சிப்பாய் முனுசாமியைத் தேடாதீர்கள். இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்த முனுசாமியைத் தேடுங்கள். வந்து இறங்கியபோது அவருக்குக் கொடுத்த காலனி நம்பர் கிடைத்துவிட்டால் மற்றவை ஒவ்வொன்றாகப் பிடிபடும். நம்பர் இல்லாமல் போர் ஆவணங்களுக்குள் நுழைந்தால் நூறு முனுசாமிகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்வீர்கள்.

முதலில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பெயர்கள் ஏன் இல்லை என்பதற்கு விடை அதில்தான் இருக்கிறது. 1899 அக்டோபர் 19-இல் காந்தி நேட்டால் அரசுக்குக் கடிதம் எழுதி, எந்த வேலை கொடுத்தாலும் செய்கிறோம், சம்பளம் வேண்டாம் என்றார். அரசு முதலில் அசட்டை செய்தது. லேடிஸ்மித் நகரம் போயர் முற்றுகையில் சிக்கி, அதை மீட்க ஜெனரல் புல்லரின் பிரிட்டிஷ் படை துகேலா ஆற்றைக் கடந்தாக வேண்டும் என்று ஆனபோதுதான் ஸ்ட்ரெச்சர் தூக்க ஆள் போதவில்லை என்பது உறைத்தது. டிசம்பரில் இந்திய ஆம்புலன்ஸ் படை அமைந்தது. மொத்தம் சுமார் 1,100 பேர். அவர்களில் ஏறக்குறைய 300 பேர் சுதந்திரமானவர்கள்: ஒப்பந்தம் முடித்தவர்கள், இங்கேயே பிறந்து பள்ளிக்கூடம் போன இளைஞர்கள், குமாஸ்தாக்கள். மீதி 800 பேர் ஒப்பந்தத்தில் இருந்த தோட்டத் தொழிலாளர்கள். முதல் உதவிப் பயிற்சி கொடுத்தவர் டர்பனில் செயின்ட் எய்டன்ஸ் மிஷனை நடத்திய டாக்டர் பூத். களத்துக்கும் கூடவே வந்தார்.

டிசம்பர் 15-இல் கொலென்சோவில் வேலை தொடங்கியது. பிறகு கலைத்து அனுப்பிவிட்டு ஜனவரியில் மறுபடி கூப்பிட்டார்கள். ஸ்பியன்கோப் சண்டை ஜனவரி 24. வால்கிரான்ஸ் பிப்ரவரி முதல் வாரம். துப்பாக்கிச் சூடு எட்டும் தூரத்துக்குள் போக வேண்டாம் என்றுதான் முதலில் பேச்சு. ஸ்பியன்கோப்பில் நிலைமை கைமீறியதும், கட்டாயமில்லை, வந்தால் நன்றி என்று புல்லர் சொல்லி அனுப்பினார், போனார்கள். மலையிலிருந்து ஃபிரியர் முகாம் வரை, ஒரே நாளில் 20, 25 மைல், தோளில் காயம்பட்ட ஆளோடு நடை. படுகாயம் அடைந்த ஜெனரல் உட்கேட்டைச் சுமந்ததும் இவர்கள்தான். தை மாதத்து நேட்டால் வெயிலில் 40 கிலோமீட்டர் என்றால் என்னவென்று, லேடிஸ்மித் ரோட்டில் கார் நின்றுபோய் நடந்தவர்களுக்குத் தெரியும்.

சண்டை முடிந்ததும் புல்லர் தன் அறிக்கையில் பாராட்டி எழுதினார். தலைவர்கள் என்று கணக்கில் எடுத்துக்கொண்ட 37 பேருக்குப் போர்ப் பதக்கம் வந்தது. மற்றவர்களுக்கு இல்லை. தோட்ட முதலாளியிடம் ஆள் கேட்டார்கள், முதலாளி அனுப்பினார், வேலை முடிந்ததும் தோட்டத்துக்கே திரும்பினார்கள். முதலாளியின் கணக்கில் அவர்கள் கொஞ்ச நாள் வெளியே போன ஆட்கள், ராணுவத்தின் கணக்கில் ஒரு தலைவரின் கீழ் இருந்த கும்பல். சுமந்த தோள் எல்லாம் எண்ணிக்கையாகவும், கூட நடந்தவர்கள் பெயராகவும் பதிவானது எனக்கு இன்றைக்கும் உறுத்தும் விஷயம்தான். ஆனால் உங்கள் தேடலுக்கு இதன் பொருள் ஒன்றுதான்: முனுசாமி தாத்தா அந்த 37 பேரில் ஒருவராக இல்லாவிட்டால் பதக்கப் பட்டியலில் பெயர் இல்லாதது எதையும் பொய்யாக்காது.

சரி, நம்பருக்கு வருவோம். 1860 நவம்பர் 16-இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைக்கு வந்ததிலிருந்து 1911-இல் ஒப்பந்த முறை நின்றது வரை ஒரு லட்சத்து 52 ஆயிரத்துக்குச் சற்று அதிகமானோர் இறங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி நம்பர். பெண்களுக்கும் கைக்குழந்தைக்கும்கூட உண்டு. வந்த வரிசைப்படி ஏறிக்கொண்டே போகும் எண் என்பதால், நம்பரைப் பார்த்தே ஏறக்குறைய எந்தக் காலத்துக் கப்பல் என்று சொல்லிவிடலாம். அந்த எண் ஆளை விடவே விடாது. ஒப்பந்தம் முடிந்த சான்றிதழில் இருக்கும், கல்யாணப் பதிவில் இருக்கும், ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே தங்கியதற்கு 3 பவுன் வரி கட்டிய ரசீதில் இருக்கும், பிள்ளைகளின் பிறப்புப் பதிவில் தாய் தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும். அதனால் உங்கள் தாத்தாவின் பிறப்புச் சான்றிதழ், அவருடைய அண்ணன் தம்பி, அக்கா தங்கை சான்றிதழ்கள் எதையாவது முதலில் தேடுங்கள். பெரியப்பா வீட்டு டிரங்குப் பெட்டி, அத்தையின் சாமி அலமாரி, பைபிளுக்குள் மடித்து வைத்த காகிதம், எதையும் விடாதீர்கள். உள்துறை அலுவலகத்தில் கேட்கும்போது சுருக்கச் சான்றிதழ் கொடுத்துச் சமாளிப்பார்கள். முழுப் பதிவின் நகல்தான் வேண்டும் என்று சொல்லுங்கள்.

நம்பர் கிடைத்ததும் கப்பல் பட்டியல். மூலப் பதிவேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுதூலி ஆவண மையம் அவற்றைக் கணினியில் ஏற்றியிருக்கிறது. மாதிரிக்கு நானாக ஒரு வரி போட்டுக் காட்டுகிறேன். நம்பர், பெயர் முனுசாமி, தகப்பன் கன்னியப்பன், வயது 22, ஆண், ஜாதி, ஜில்லா வட ஆற்காடு, தாலுக்கா போளூர், கிராமத்தின் பெயர், உடல் அடையாளம், இடது முழங்காலுக்குக் கீழே வடு, எந்த முதலாளியிடம் ஒதுக்கினார்கள், கடைசியில் குறிப்பு. அந்தக் குறிப்புக் கட்டத்தை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். ஊருக்குத் திரும்பிய கப்பலோ, இறந்த தேதியோ அதில் இருக்கக்கூடும். 1897-இல் திரும்பிப் போன முனுசாமி 1900-இல் ஸ்ட்ரெச்சர் தூக்கியிருக்க முடியாது.

எழுத்துக்கூட்டல் பெரிய தலைவலி. சென்னையில் கப்பலேற்றும் டிப்போவின் குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினார், இங்கே உள்ள குமாஸ்தா அதைப் பார்த்து வேறு மாதிரி எழுதினார். முனுசாமி மூன்சாமி ஆகிறார், குப்புசாமி கூப்பூசாமி, அருணாசலம் ஆர்னசெல்லம். கந்தசாமியை ஆங்கிலத்தின் கே எழுத்தில் மட்டுமல்ல, சி எழுத்திலும் தேட வேண்டும். இன்னொன்று, இப்போது உங்கள் குடும்பப் பெயராக இருப்பது அப்போது குடும்பப் பெயரே அல்ல. நம் ஆட்களுக்குத் தகப்பன் பெயர்தான் இரண்டாவது பெயர். இங்கே பதிவு அலுவலகம் ஏதோ ஒரு தலைமுறையில் அதைப் பிடித்துப் பரம்பரைப் பெயராக உறைய வைத்துவிட்டது. கொள்ளுத்தாத்தாவைத் தேடும்போது உங்கள் குடும்பப் பெயரை மறந்துவிட்டு, அவர் பெயரையும் அவருடைய தகப்பன் பெயரையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தகப்பன் பெயர் தெரியாவிட்டால் தோட்டத்தின் பெயரை வைத்து வடிகட்டுங்கள்.

அந்த ஒரு வரி கிடைத்தவுடன் கதையைச் சோதித்துவிடலாம். ஆம்புலன்ஸ் படை களத்தில் இருந்தது 1899 டிசம்பரிலிருந்து 1900 பிப்ரவரி வரைதான். கப்பல் அதற்குப் பிறகு வந்திருந்தால் அந்தப் படையில் அவர் இல்லை, பேச்சு முடிந்தது. 1895 முதல் 1899 வரை வந்தவர் என்றால் ஐந்து வருட ஒப்பந்தம் நடந்துகொண்டிருக்கும்; அவர் போயிருந்தால் தோட்டம் அனுப்பித்தான் போயிருப்பார், ஆகவே தோட்டத்தின் பதிவுகளையும், ஒப்பந்த ஆட்களைக் கவனித்த அரசு அதிகாரியான குடியேற்றப் பாதுகாவலரின் அலுவலகப் பதிவுகளையும் துருவ வேண்டும். அதற்கு முன்னால் வந்தவர் என்றால் பெரும்பாலும் ஒப்பந்தம் முடிந்த சுதந்திர ஆள். அவரைப் பத்திரிகைகளிலும் காந்தியின் கடிதங்களிலும் தேடலாம். அந்தக் கால நேட்டால் மெர்குரி, நேட்டால் விட்னஸ் இரண்டையும் பாருங்கள். காந்தியின் பத்திரிகையான இந்தியன் ஒப்பீனியனில் தேடிக் களைத்துப் போகிறவர்கள் நிறைய. அது 1903 ஜூனில்தான் ஆரம்பித்தது.

காப்பக வேலை பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில். போகுமுன் வீட்டிலிருந்தே தேசிய ஆவணக் காப்பகத்தின் தேடுபொறியான நார்ஸில் பாருங்கள். அடிக்கடி படுத்துவிடும், காலையில் முயன்று பாருங்கள். நேட்டாலுக்கு என்.ஏ.பி. என்ற தொகுப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விடையில் ஆதாரம் என்ற இடத்தில் ஐ.ஐ. என்று வந்தால் அது இந்தியக் குடியேற்றப் பாதுகாவலரின் கோப்பு; சி.எஸ்.ஓ. என்றால் காலனிச் செயலர் அலுவலகம், எம்.எஸ்.சி.இ. என்றால் இறந்தவரின் சொத்துக் கோப்பு. வகை என்ற இடத்தில் 'லீயர்' என்று இருப்பதைப் பார்த்துக் குழம்பாதீர்கள், ஆப்பிரிக்கான்ஸில் கோப்பு என்று அர்த்தம். தொகுதி எண், கோப்பு எண் இரண்டையும் அப்படியே எழுதிக்கொண்டு போனால்தான் படிப்பறையில் எடுத்துக் கொடுப்பார்கள். பெயரை மட்டும் போட்டுத் தேடாதீர்கள். தோட்டத்தின் பெயர், முதலாளியின் பெயர், இந்தியன் ஆம்புலன்ஸ், ஸ்ட்ரெச்சர் பேரர், டூலி (காயம்பட்டவரைத் தூக்கும் படுக்கை) என்று தனித்தனியாகப் போடுங்கள். முதலாளிக்கும் அரசுக்கும் ஆள் கொடுத்தது, கூலி, திருப்பி அனுப்பியது பற்றிக் கடிதப் போக்குவரத்து இருந்தால் அது தொழிலாளி பெயரில் கிடக்காது, முதலாளி பெயரில் கிடக்கும்.

சொத்துக் கோப்பு என்றதும் நம்மிடம் என்ன சொத்து இருந்தது என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். கொஞ்சம் நிலமோ சேமிப்போ இருந்தவர்களுக்குக் கோப்பு உண்டு, அதில் இறப்பு அறிவிப்பு இருக்கும். பிறந்த இடம், பெற்றோர், மனைவி, பிள்ளைகள் எல்லார் பெயரும் ஒரே தாளில். இந்தத் தொகுப்பில் 1950 வரையிலான பெரும்பகுதியை பேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் ஞானஸ்நானப் பதிவேட்டையும் விடாதீர்கள். படையின் தலைவர்களாகப் போன படித்த இளைஞர்களில் கிறிஸ்தவர்கள் கணிசம், பயிற்சி கொடுத்ததும் ஒரு மிஷன் டாக்டர்.

வீட்டில் பதக்கம் ஏதாவது இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். முகப்பில் யார் தலை என்று பாருங்கள். விக்டோரியா ராணி என்றால் போயர் யுத்தம். ஏழாம் எட்வர்ட் என்றால் அதே யுத்தத்தின் பிற்பகுதிக்கான பதக்கம், அல்லது 1906 நேட்டால் கலகப் பதக்கம். ஐந்தாம் ஜார்ஜ் என்றால் முதல் உலகப் போர். ஆப்பிரிக்க வரைபடமும் பின்னால் துள்ளும் ஸ்பிரிங்பாக் மானும் இருந்தால் இரண்டாம் உலகப் போரின் ஆப்பிரிக்கச் சேவைப் பதக்கம். அப்புறம் விளிம்பைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், பெயரும் பிரிவும் பொறித்திருக்கும். விக்டோரியா பதக்கம் வெள்ளியாக இல்லாமல் வெண்கலமாக இருந்தால் அது இந்தியாவிலிருந்து படையோடு வந்த டூலிக்காரர், குதிரைக்காரர், தண்ணீர்க்காரர் போன்ற பணியாட்களுக்குக் கொடுத்த வகை. பதக்கப் பட்டியல்கள் லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 100 என்ற தொகுப்பில் இருக்கின்றன. வளையமும் பெயரும் இல்லாத வில்லை என்றால், 1910-இல் தென்னாப்பிரிக்க யூனியன் அமைந்தபோதோ அடுத்த வருடம் முடிசூட்டு விழாவிலோ பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த நினைவு வில்லையாக இருக்கும். பல வீடுகளில் அதுதான் போர்ப் பதக்கமாகப் பெட்டியில் உறங்குகிறது.

காந்தி பெயரை ஒதுக்கிவிட்டும் ஒருமுறை யோசியுங்கள். இங்கே தாத்தா காந்தியைப் பார்த்தார் என்று சொல்லாத தமிழ்க் குடும்பம் ஒன்று இருந்தால் காட்டுங்கள்! போயர் சண்டையில் மாட்டிக்கொண்ட நம் ஆட்கள் அந்த 1,100 பேரைவிடப் பல மடங்கு. டண்டீ, நியூகாசில் பக்கத்து நிலக்கரிச் சுரங்கங்களில் இருந்தவர்கள் 1899 அக்டோபரில் போயர் படை இறங்கியதும் உயிருக்குப் பயந்து தெற்கே ஓடிவந்தார்கள். ரயில்வேயில் இருந்தவர்கள் படையையும் தளவாடத்தையும் ஏற்றி இறக்கினார்கள். லேடிஸ்மித் முற்றுகைக்குள் 118 நாள் சிக்கியவர்களிலும் இந்தியர்கள் இருந்தார்கள். அங்கேதான் பிரபு சிங் என்ற ஒப்பந்தத் தொழிலாளி போயர் பீரங்கி சுடும் ஒவ்வொரு தடவையும் எச்சரிக்கை மணி அடித்துப் பேர் வாங்கினார். இவர்கள் யாரும் சண்டைக்குப் போனவர்கள் அல்ல, சண்டை இவர்களிடம் வந்தது. பேரன் காலத்தில் அது பட்டாளமாக மாறுவது சகஜம்.

இந்தியாவிலிருந்து படையோடு வந்து இறந்தவர்களுக்கு ஜோகன்னஸ்பர்க் அப்சர்வேட்டரி குன்றின் மேல் ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. நேட்டால் தோட்டக்காரர்களுக்கு அதில் இடமில்லை, ஆனாலும் ஒருமுறை போய்ப் பார்க்கலாம். அதன் பக்கங்களில் நம்மவர்களை மத வாரியாகப் பிரித்து எழுதியிருப்பதைப் பார்த்தால் அந்தக் காலத்து ஆட்சியின் கணக்கு புரியும்.

எந்த யுத்தம் என்பதையும் குடும்ப ஞாபகம் குழப்பும். வீட்டில் பெரியவர்கள் யாராவது மிச்சம் இருந்தால் "எந்தச் சண்டை பாட்டி?" என்று கேட்காதீர்கள், அவர்கள் சொல்லும் துணுக்குகளைக் கேளுங்கள். சவுக்கடி பட்ட சூலுக்களுக்கு மருந்து போட்டார் என்று வந்தால் அது 1906 பம்பாத்தா கலகம், மேலே சொன்ன நேட்டால் கலகம் இதுதான். அப்போது காந்தியோடு போனவர்கள் வெறும் 24 பேர்; அவரையும் நாலு குஜராத்திகளையும் ஒரு பட்டாணியரையும் தவிர மற்றவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்து ஒப்பந்தம் முடித்தவர்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். அந்தப் படையின் பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. முத்துசாமி, அப்பாசாமி, ஆழ்வார், குப்புசாமி என்று நம் பெயர்களை அதில் பார்க்கலாம். காந்தியின் தொகுப்பு நூல்களில் 1906-ஆம் ஆண்டுக்கான தொகுதியை எடுத்துப் பாருங்கள், இணையத்தில் இலவசம்தான். என்னைக் கேட்டால், காந்தியோடு போனார் என்ற பேச்சை ஆவணத்தால் நிரூபிக்க மிக எளிய இடம் இந்த 24 தான். கப்பல், காய்ச்சல், கிழக்கு ஆப்பிரிக்கா என்று துணுக்குகள் வந்தால் முதல் உலகப் போரில் இங்கிருந்து போன இந்திய ஸ்ட்ரெச்சர் படை. இரண்டாம் உலகப் போர் என்றால் பாதுகாப்புத் துறையின் ஆவணக் காப்பகம் பிரிட்டோரியா பக்கம் இருக்கிறது. படை எண் தெரிந்தால் வேலை சுலபம், வாரிசு என்று காட்டிக் கேட்கலாம்.

கப்பல் பட்டியலில் ஊர் பெயர் கிடைத்ததும் டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். அந்த வட ஆற்காடு இன்றைய வேலூர் மட்டுமல்ல. சித்தூர் 1911-இல்தான் தனி ஜில்லாவாகப் பிரிந்தது, இப்போது ஆந்திராவில் இருக்கிறது. தமிழ்நாட்டில் மிஞ்சியது 1989-இல் வேலூர், திருவண்ணாமலை பக்கங்களாகப் பிரிந்து, 2019-இல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மறுபடியும் உடைந்தது. ஜில்லாவை விட்டுவிட்டு தாலுக்காவைப் பிடியுங்கள், அதுதான் பெரும்பாலும் இடம் மாறாமல் இருக்கும். ஒரே பெயரில் அந்தத் தாலுக்காவில் இரண்டு, மூன்று கிராமங்கள் இருக்கும். பட்டியலில் அதே ஊரிலிருந்து அதே கப்பலில் வந்தவர்கள் யார் யார் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். கிராமத்தில் போய் 120 வருடத்துக்கு முந்தைய முனுசாமியைக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ஐந்தாறு பெயரைச் சேர்த்துச் சொன்னால் ஏதாவது ஒரு குடும்பம் நிமிர்ந்து பார்க்கும்.